லெமூரியாவும் தாவும் தேவாங்கும்

நமது மேடைகளில் இப்பொழுது 'லெமூரியா' என்கின்ற பேச்சு இல்லாமல் ஒரு கூட்டம் முடிவதாகக் காணோம். சைவ சபையானாலும் சரி, தமிழ்ச் சங்கமானாலும் சரி, சில சமயங்களில் நம்மவர்கள் நடத்துகின்ற கூட்டங்களிலுங்கூட, ஒருவர் எழுந்து, "குமரிக்குத் தெற்கே ஒரு மகா கண்டம் இருந்தது, அதற்கு லெமூரியா என்று பெயர், அங்கேதான் முதல் மனிதன் தோன்றினான், அவன் தமிழன், இதை வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று சொல்லுகின்றார். சபையோர் கை தட்டுகின்றார்கள். கை தட்டியவரில் ஒருவரைத் தனியே அழைத்து, "ஐயா, அந்தக் கண்டத்துக்கு லெமூரியா என்று ஏன் பெயர் வந்தது?" என்று கேட்டால் விழிக்கின்றார். பேசியவரையே கேட்டால், "அது ஆராய்ச்சியாளர் கண்டது" என்பார். எந்த ஆராய்ச்சியாளர், எந்த வருஷத்தில், எதைப் பார்த்துக் கண்டார் என்று மேலும் கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். கேட்டவன் தமிழ்த் துரோகி ஆகிவிடுவான்.

புராணத்தை எதிர்த்துப் பேசுகின்ற நாம், நமக்குப் பிடித்தமான புராணம் என்றால் மாத்திரம் வாயை மூடிக்கொள்வது யோக்கியமாகாது. ஆகையால் இந்த வாரம் இச்சங்கதியைக் கொஞ்சம் விரித்தே எழுதுகின்றோம்.

லெமூரியா என்பது எந்த மனிதருடைய பெயராலும், எந்த அரசனுடைய பெயராலும் உண்டானதல்ல. அது ஒரு பிராணியின் பெயரால் உண்டானது. லெமூர் என்பது அந்தப் பிராணி. மடகாஸ்கர் தீவைத் தவிர உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் அது இயற்கையாகக் கிடையாது. நமது திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் இரவில் திரிகின்ற தேவாங்கு அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஒல்லியானவனைப் பார்த்து "தேவாங்கு மாதிரி இருக்கிறான்" என்று நாம் ஏளனம் செய்கின்றோமே, அதே தேவாங்குதான்.

பெயரின் வரலாறு வேடிக்கையானது. சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்பவர் உயிர்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் எழுதியபோது, 1758-இல் அச்சான பதிப்பில், இரவில் உலாவுகின்ற சில பிராணிகளை 'லெமூர்' என்ற பெயரின் கீழ் சேர்த்தார். லெமூரெஸ் என்றால் பழைய ரோமாபுரியில் இரவில் அலைகின்ற பேய் என்று அர்த்தம். அந்தப் பேய்களுக்காக அங்கே மே மாதத்தில் ஒரு பண்டிகையே இருந்தது. வீட்டுத் தலைவன் நடுநிசியில் வெறுங்காலோடு எழுந்து, திரும்பிப் பாராமல் கறுப்பு அவரை விதைகளை எறிந்து, வெண்கலத்தைத் தட்டிப் பேயை வெளியே போகச் சொல்வான். அந்தப் பண்டிகையின் பெயர் என்ன தெரியுமா? லெமூரியா! நமது வீட்டுத் திதியையும் திவசத்தையும் விட்டுத் தொலைக்கச் சொல்லுகின்ற நாம், ரோமாபுரிக்காரனுடைய பேய் ஓட்டும் பண்டிகையின் பெயரைப் பிறந்த நாட்டுக்குச் சூட்டிக்கொண்டு மார் தட்டுகின்றோம். இன்னும் ஒன்று. லின்னேயஸ் அப்பெயரை வைத்ததற்குக் காரணம், அவை இரவில் திரிவதும் மெதுவாக நடப்பதுமே என்று எழுதியிருக்கின்றார். அவர் சேர்த்த பட்டியலில் இலங்கைத் தேவாங்கும் ஒன்று. மெதுவான நடை தேவாங்கினுடையதே ஒழிய, மடகாஸ்கரில் மரத்துக்கு மரம் பாய்கின்ற பிராணிகளுடையது அல்ல. நமது பக்கத்துப் பிராணியின் நடையைப் பார்த்து வைத்த பெயர், தூரத்துத் தீவுக்காரனுக்கு நிலைத்துவிட்டது.

பிறகு 1864-இல் லண்டன் விலங்கியல் சங்கத்துக் காரியதரிசியாயிருந்த ஸ்க்லேட்டர் என்பவர் மடகாஸ்கர் பிராணிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர் வகைகள் மடகாஸ்கரில் ஏராளம்; ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அவற்றின் உறவினர் கொஞ்சம். நடுவிலோ பெருங்கடல். நீந்தத் தெரியாத பிராணி கடலைத் தாண்டியது எப்படி? நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், நகராது என்று அக்காலத்தில் எல்லாரும் நினைத்தபடியால், நடுவில் ஒரு நிலம் இருந்து முழுகியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அந்த ஊக நிலத்துக்கு லெமூரியா என்று பெயரிட்டார். அவர் மேல் நமக்குக் குற்றமில்லை. தெரிந்ததைக் கொண்டு தெரியாததற்கு ஒரு வழி சொன்னார். அவர் அங்கே தமிழனையும் காணவில்லை, தமிழையும் கேட்கவில்லை. எலும்பையும் தோலையும் எண்ணிப் பார்த்தார், அவ்வளவே.

அதற்குப் பிற்பாடுதான் கதை வளர்ந்தது. ஜெர்மானியராகிய ஹேக்கல், மனிதன் பிறந்த இடமே அதுவாக இருக்கலாம் என்றார். 1888-இல் பிளாவட்ஸ்கி அம்மையார், முட்டையிட்டுப் பெருகுகின்ற ஒரு ராட்சச ஜாதி மனிதர்களை லெமூரியாவில் குடியேற்றினார். இந்த அம்மையாருடைய சபைக்குத் தலைமை இடம் எது என்றால், நமது சென்னை அடையாறு! அதன் பிறகு நம்மவர் கைக்கு அது வந்தது. கடல்கோளைப் பற்றிய பழைய உரையாசிரியர் பேச்சோடு அதை முடிச்சுப் போட்டு, 'குமரிக்கண்டம்' என்று தமிழ்ப் பெயர் கொடுத்தார்கள். அந்தக் குமரிக்கண்டம் என்ற சொல்லாவது எங்கேயிருந்து வந்தது? கந்தபுராணத்திலிருந்து! அங்கே அது அந்தணர் வாழ்கின்ற, வேதம் ஓதுகின்ற புண்ணிய கண்டம். மற்றவையெல்லாம் மிலேச்ச நாடுகள். ரோமாபுரிப் பேய் பாதி, கந்தபுராணம் பாதி. இரண்டையும் கூட்டினால் தன்மானத் தமிழன் வரலாறு ஆகிவிடுமா என்று கேட்கின்றோம்.

நிற்க. பெயருக்குக் காரணமான பிராணியையே இனிப் பார்ப்போம். அதைப் பார்ப்பதற்குப் புதுவைக்காரராகிய நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. லெமூர்களில் மிகவும் அதிசயமான, தாவுகின்ற பெரிய வகையை முதன்முதல் ஐரோப்பிய அறிவுலகத்துக்கு எழுதிக் காட்டியவர் நமது புதுவையோடு சம்பந்தப்பட்ட மனிதர். பியேர் சொன்னரா என்று பெயர். 1748-இல் லியோன் நகரத்தில் பிறந்தவர். 1774 முதல் 1781 வரையில் பிரெஞ்சு அரசன் உத்தரவின்படி நமது கரைக்கும் சீனத்துக்கும் மடகாஸ்கருக்கும் யாத்திரை செய்து, 1782-இல் பாரீஸில் புத்தகம் வெளியிட்டார். பின்னரும் வந்து புதுவையில் பல வருஷம் வாழ்ந்து, 1814-இல் பாரீஸில் இறந்தார். நமது கோவில், திருவிழா, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் எழுதிப் படமும் போட்ட அதே புத்தகத்தில்தான் மடகாஸ்கர் இந்திரியையும் எழுதினார். (இந்திரி என்ற பெயரைக் கண்டவுடன் இந்திரனோடு சம்பந்தப்படுத்தி யாரும் தலபுராணம் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றோம்.)

சொன்னரா சூட்சுமமான ஆள். அந்நாளில் 'எசுர்வேதம்' என்ற பெயரில் ஒரு நூல் ஐரோப்பாவில் உலாவிற்று. ஆதிகாலத்து இந்திய வேதம் என்று வால்ட்டேர் போன்ற பேரறிஞரே நம்பி, அதை அரசன் புத்தகசாலையில் சேர்ப்பித்தார். அது வேதமுமல்ல, ஒன்றுமல்ல, மசூலிப்பட்டணத்துப் பாதிரி ஒருவர் எழுதிய வாதப் புத்தகம் என்று உடைத்துச் சொன்னவர் சொன்னரா. பிற்பாடு எல்லிஸ் துரை புதுவையிலேயே அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டு எழுதியது 1822-இல் அச்சாயிற்று. அப்படிப்பட்ட சொன்னரா, இந்திரியைப் பற்றி எழுதும்போது என்ன சொன்னார்? அதன் பெயருக்குக் 'காட்டு மனிதன்' என்று அர்த்தம் என்றார். மடகாஸ்கர் தென்பகுதி ஜனங்கள் அதைக் குட்டியில் பிடித்து வளர்த்து, வேட்டை நாயைப்போலப் பழக்குகின்றார்கள் என்றும் எழுதினார். இந்திரி தின்பது இலை, காய், விதை. இலை தின்னுகின்ற பிராணி வேட்டை நாயாம்! இதே பெரியவர், தாம் போகாத நியூகினித் தீவுக்குப் போனதாகவும் அங்கே பறவை பிடித்ததாகவும் முன்னொரு புத்தகத்தில் எழுதி வைத்தார். அதன் பலனாக, நியூகினியில் இல்லாத ஓர் ஆஸ்திரேலியப் பறவைக்கு 1783-இல் நியூகினியின் பெயர் வைக்கப்பட்டு, இன்றளவும் அதுவே நிலைத்திருக்கின்றது. பொய்வேதத்தைப் பிடித்தவர் என்பதற்காக அவர் சொன்னதையெல்லாம் நம்புவதா? பொய்யும் சொன்னார் என்பதற்காக இந்திரியே இல்லை என்று சொல்லிவிடுவதா? இரண்டுமில்லை. உடம்பைப் பார்க்க வேண்டும்.

உடம்பு சொல்லுகின்ற சேதி இது. இந்திரி, சிஃபாகா, அவாஹி என்ற மூன்றும் ஒரே குடும்பம். இந்திரி ஆறு கிலோவிலிருந்து ஒன்பது கிலோவுக்கு மேலும் கனக்கும். வால் வெறும் மொட்டை. சிஃபாகாவுக்கு நீண்ட வால். அவாஹி ஒரு கிலோ அளவு, இரவுப் பிராணி. மூன்றும் மரக்கிளைமேல் நாலு காலால் ஓடுவதில்லை. செங்குத்தான அடிமரத்தை, பனையேறி மரத்தைக் கட்டுவதுபோலக் கட்டிக்கொண்டு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். புறப்படும்போது முழங்காலை மடக்கி ஒரே உதை. உடம்பு பின்னோக்கிப் பாய்ந்து, நடு ஆகாயத்திலேயே திரும்பி, அடுத்த மரத்தைக் கையால் அல்ல, முதலில் காலால் போய்ப் பற்றும். சிஃபாகா ஒரே தாவில் முப்பது அடி வரையில் போகும். தென் மடகாஸ்கரில் அடிமரம் முழுவதும் முள்ளாயிருக்கின்ற காட்டிலும் அது இப்படியே பாய்கின்றது. தரையில் இறங்கினால் நடக்கத் தெரியாது. இரண்டு காலால் பக்கவாட்டில் துள்ளித் துள்ளிப் போகும், கைகள் மேலே தூக்கியிருக்கும்.

இதற்கு மந்திரம் ஒன்றுமில்லை; அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். சிஃபாகாவின் கை, காலின் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். தொடை எலும்பு மிகவும் நீளம். தொடையின் முன்புறத்துச் சதை பெருத்திருக்கும். முழங்கால் சில்லு ஓடுகின்ற பள்ளம் குறுகி ஆழமாயிருக்கும். அத்தனை வேகத்தில் கால் நிமிரும்போது சில்லு நழுவாமலிருக்க அது வேண்டும். காலின் பெருவிரல் மற்ற விரல்களிலிருந்து விலகி இடுக்கிபோல மரத்தைப் பிடிக்கும். நீண்ட தொடை எதற்கு? உண்டிவில்லின் ரப்பரை ஒரு சாண் இழுத்து விடுவதற்கும் ஒரு முழம் இழுத்து விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறுவர்கள் அறிவார்கள். கால் எவ்வளவு நீளமோ, பாதம் மரத்தை விட்டு நீங்குவதற்குமுன் உடம்பைத் தள்ளுகின்ற தூரமும் அவ்வளவு. தூரம் அதிகமானால் அதே வேகத்தைக் குறைந்த பலத்தில் பெறலாம்.

நமது தேவாங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கையும் காலும் ஏறக்குறைய சம நீளம். வால் இல்லை என்றே சொல்லலாம். கையின் ஆள்காட்டி விரல் சுருங்கிப் போயிருக்கும். அதனால் பிடி அகலமாகும். அதன் கைகால் இரத்தக் குழாய்கள் பல கிளையாகப் பிரிந்து ஓடுவதால், மணிக்கணக்காகக் கிளையைப் பற்றிக்கொண்டிருந்தாலும் அசராது. ஆனால் அதற்குத் தாவவே தெரியாது. ஒரு கையை எடுத்து வைத்தபிறகுதான் மறு காலை எடுக்கும். இருபது, முப்பது வராகன் எடைகூட வைக்கமாட்டோம் என்று நினைக்கத்தக்க அந்தச் சின்ன உடம்பு, கால் கிலோ அளவுதான், இருட்டில் சத்தமில்லாமல் போய்ப் பூச்சியைப் பிடிக்கின்றது.

இனி ஒரு கேள்வி. ஆப்பிரிக்காவில் 'கலேகோ' என்று ஒரு சின்னப் பிராணி. தாவுவதில் மகா சமர்த்தன். நின்ற நிலையிலிருந்து ஏழடிக்கு மேலே எழும்பியதை அளந்திருக்கின்றார்கள். பிலிப்பைன்ஸ், போர்னியோ காடுகளில் 'டார்சியர்' என்று ஒன்று. அதுவும் செங்குத்து மரத்தைக் கட்டிப் பிடித்துத் தாவுவது. ஆகவே இந்திரி, கலேகோ, டார்சியர் மூன்றும் ஒரு ஜாதி, தாவாத தேவாங்கு வேறு ஜாதி என்றுதானே மேலெழப் பார்க்கிறவன் சொல்வான்? அதுதான் இல்லை. தாவாத தேவாங்குக்கு மிக நெருங்கிய உறவு தாவுகின்ற கலேகோ! இந்திரிக்கு நெருங்கிய உறவு, தாவவே தெரியாமல் கையால் தொங்கிக்கொண்டிருந்து அழிந்துபோன பெரிய லெமூர்கள். அவற்றுள் ஒன்று ஆண் கொரில்லா அளவு பெரிது; இன்னொன்றுக்குக் காலைவிடக் கை நீளம். மனிதன் அத்தீவில் குடியேறிய பின்னும் அவை உயிரோடிருந்தன. 2005-இல் நமது நாட்டவராகிய பிரவீண் காரந்தும் அவரது தோழர்களும் அந்தப் பழைய எலும்புகளிலிருந்தே மரபணுவை எடுத்துப் பார்த்து, மடகாஸ்கர் லெமூர் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை உறுதிப்படுத்தினார்கள். தாவுகின்ற டார்சியரோ, இவர்களையெல்லாம் விட்டுவிட்டுக் குரங்குக்கும் நமக்கும் பங்காளியாக வந்து நிற்கின்றது.

எப்படித் தெரியும் என்றால், தாவலையும் கொஞ்சம் உன்னித்துப் பார்த்தாலே தெரியும். இந்திரி நீட்டிக்கொண்டது தொடை எலும்பை. கலேகோவும் டார்சியரும் நீட்டிக்கொண்டது பாதத்தின் குதிகால் பக்கத்து எலும்புகளை. காரியம் ஒன்று, கருவி வேறு. தொழில் ஒன்றாயிருப்பதால் பிறப்பு ஒன்றாகாது. பிறப்பு ஒன்றாயிருந்தாலும் தொழில் ஒன்றாகவேண்டியதில்லை. செய்கின்ற தொழிலைக் கொண்டு மனிதனுக்குப் பிறப்பைக் கட்டிவைத்த நமது சாஸ்திரக்காரர்களுக்கு இந்தப் பிராணிகளின் கணுக்காலைக் காட்டவேண்டும்.

உறவைக் காட்டுவது வேறு அடையாளங்கள். லெமூருக்கும் தேவாங்குக்கும் கலேகோவுக்கும் நாய்மூக்கைப்போல ஈர மூக்கு. கீழ்வரிசை முன்பற்கள் முன்னோக்கிப் படுத்து, ரோமத்தைக் கோதுகின்ற சீப்பாக அமைந்திருக்கும். மற்ற விரல்களில் தட்டை நகம் இருக்க, காலின் இரண்டாவது விரலில் மாத்திரம் கோதுவதற்கென்று கூர்நகம். தீவிலொன்றும் திண்டுக்கல்லிலொன்றுமாக இருக்கின்ற பிராணிகளுக்கு இந்த மூன்றும் ஒருமித்து வந்தது, ஒரே பாட்டனிடமிருந்து வந்ததனாலேயே. சொன்னரா கொண்டுவந்த அய்-அய் என்ற பிராணியை, அதன் முன்பல் எலிப்பல்லைப்போல வளர்ந்துகொண்டே இருப்பதைப் பார்த்து 1788-இல் அணில் ஜாதியில் சேர்த்துவிட்டார்கள். 1863-இல் ரிச்சர்டு ஓவன் அதை அறுத்துப் பார்த்து லெமூர்க் குடும்பம்தான் என்று விரிவாக எழுதினார். ஓவன் டார்வினுக்கு ஜன்ம விரோதி. எலும்பு விரோதம் பார்க்கவில்லை.

நமக்கும் ஒரு சாட்சி நமது உடம்பிலேயே இருக்கின்றது. நெல்லிக்காய், எலுமிச்சை, காய்கறி ஒன்றும் தின்னாமல் மாதக்கணக்காகக் கிடந்தால் மனிதனுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும். பழைய கப்பற்காரர்கள் அப்படிச் செத்தார்கள். ஆடு மாடுகளுக்கு அந்த நோய் வருவதில்லை. 'சி' வைட்டமினை அவை தமது உடம்பிலேயே செய்துகொள்கின்றன. லெமூரும் தேவாங்கும்கூடச் செய்துகொள்கின்றன. டார்சியர், குரங்கு, மனிதன் ஆகிய நமக்குத்தான் அந்த வேலை கெட்டுப்போயிற்று. அதைச் செய்கின்ற மரபணு இல்லாமல் போகவில்லை. உடைந்த பானைபோல உபயோகமற்று நம் உடம்பில் கிடக்கின்றது. கடவுள் மனிதனைத் தனியாகத் தம் சாயலில் செய்தார் என்றால், உடைந்த பானையை ஏன் உள்ளே வைத்தார்? அதே பானையைக் குரங்குக்கும் ஏன் உடைத்து வைத்தார்? பிரமன் முகத்தில் பிறந்தவனுக்கும் காலில் பிறந்தவனுக்கும் நெல்லிக்காய் ஒரே அளவில்தானே வேண்டியிருக்கின்றது?

"அப்படியானால் நீ குரங்குக்குப் பிறந்தாயா?" என்று சிலர் கேட்டுவிட்டு, பெரிய மடக்கு மடக்கிவிட்டதாகச் சிரிப்பார்கள். 2018-இல் டில்லியில் மந்திரியாயிருந்த சத்யபால் சிங்கே, குரங்கு மனிதனானதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஆகையால் டார்வின் சொன்னது தப்பு என்றார். நமது கொள்ளுப் பாட்டனுடைய கொள்ளுப் பாட்டனையும் யாரும் பார்த்ததில்லை. ஆகையால் அவர் இல்லை என்று மந்திரி சொல்வாரா? இன்றிருக்கின்ற குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. லெமூர் இன்னும் தூரத்துப் பங்காளி. நிமிர்ந்து உட்காருகின்றது என்பதற்காக அதைக் 'காட்டு மனிதன்' என்று சொன்னதும் தப்பு, அருவருப்பாயிருக்கின்றது என்பதற்காக உறவே இல்லை என்பதும் தப்பு.

இப்பொழுது முழுகிப்போன கண்டத்துக்கு வருவோம். நிலம் நகர்கின்றது என்று வேகனர் 1912-இல் சொன்னபோது சிரித்தார்கள்; கடலின் அடித்தளத்தை அளந்தபிறகு 1960-களில் ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தது வாஸ்தவம். அவை பிரிந்து ஏறக்குறைய 9 கோடி வருஷமாகின்றது. ஆப்பிரிக்காவை விட்டு விலகியது அதற்கும் வெகு முன்பு. லெமூரின் முன்னோர் மடகாஸ்கருக்கு வந்ததோ, ஐந்து, ஆறு கோடி வருஷத்துக்கு முன்னர் என்று கணக்கிடுகின்றார்கள். அதாவது, லெமூர் வந்தபோது அது ஏற்கனவே தனித் தீவு. எந்தப் பிராணிக்காகக் கண்டத்தைக் கற்பித்தார்களோ, அந்தப் பிராணிக்கே அது உபயோகப்படவில்லை! நமது தேவாங்கும் முழுகிய கண்டத்தின் வழியாக வந்ததல்ல. அதன் இனத்துக்குரிய மிகப் பழைய எலும்புகள் எகிப்து தேசத்தில் அகப்பட்டிருக்கின்றன.

"பின்னே எப்படிக் கடலைத் தாண்டியது? நீங்களும் ஒரு புராணம் சொல்லுங்கள்" என்பார்கள். சொல்லுகின்றோம். பெருவெள்ளத்தில் ஆற்றங்கரை மரங்கள் வேரும் கிளையுமாகப் பின்னிக் கடலில் மிதந்து வருவதைக் கடற்கரைக்காரர் அறிவார்கள். அப்படிப்பட்ட மிதவையில் சின்னப் பிராணிகள் ஒதுங்குவது உண்டு. 1995-இல் மேற்கிந்தியத் தீவுகளில் புயலுக்குப் பிறகு மரக்கூட்டம் ஒன்றில் பதினைந்து உடும்பு போன்ற இகுவானாக்கள் அங்குவில்லா தீவில் வந்து இறங்கினதை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். அங்கே அதற்குமுன் அவ்வினம் இல்லை. ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே கடல் 400 கிலோமீட்டர்; அக்காலத்தில் நீரோட்டம் தீவை நோக்கி ஓடியிருக்க வேண்டும் என்று 2010-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இதைவிடப் பலமான சாட்சி வேறொன்று. நிலத்தின் வழியாகப் பிராணிகள் வந்திருந்தால் யானை வந்திருக்கும், சிங்கம் வந்திருக்கும், மான், குதிரை, குரங்கு எல்லாம் நடந்தே வந்திருக்கும். மடகாஸ்கரில் இவற்றில் ஒன்றுகூட இயற்கையாகக் கிடையாது. லெமூர், முள்ளெலி போன்ற டென்ரெக், கீரியை ஒத்த ஒரு மாமிச பட்சிணிக் கூட்டம், எலிக்கூட்டம் ஆகிய நாலும், நீர்யானையும்தான் கரையேறின. பாலம் இருந்தால் யானையை வழி மறித்தது யார்?

கடல் நமது கரையைத் தின்றதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருபதாயிரம் வருஷத்துக்கு முன் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கை நம்மோடு ஒட்டியிருந்தது. பிறகு நீர் ஏறிற்று. 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் செய்ததைக் காரைக்காலும் புதுவையும் மறக்கவில்லை. ஊர் முழுகியது என்ற நினைவு மெய்யாகவே இருக்கலாம். ஊர் முழுகியதற்குக் கண்டம் எதற்கு? தமிழனுடைய பெருமை கீழடியில் தோண்டினால் கிடைக்கின்ற பானை ஓட்டில் இருக்கின்றது. அதைக் கையால் தொடலாம்.

இங்கே வைதிக நண்பர் ஒருவர் ஒரு நல்ல ஆட்சேபணை சொல்லக்கூடும். மடகாஸ்கர் ஜனங்கள் இந்திரியைத் தங்கள் முன்னோர் என்று நம்பி, கொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அந்த மூடநம்பிக்கைதானே அதைக் காப்பாற்றியது? பகுத்தறிவு வந்தால் தின்றுவிடுவார்களே! வாஸ்தவம், பல இடங்களில் அக்கட்டுப்பாடு காப்பாற்றியது. ஆனால் அதே ஜனங்கள், அதே தீவில், அய்-அய்யைக் கண்டால் சாவு வரும் என்று அடித்துக் கொன்று கட்டித் தொங்கவிட்டார்களே, அது எதனால்? பயத்தினால் ஒன்றைக் கும்பிடுகிறவன் பயத்தினாலேயே மற்றொன்றைக் கொல்லுவான். நம்பிக்கை தளர்ந்த இடங்களில் இந்திரியும் இப்பொழுது வேட்டையாடப்படுகின்றது, காடும் அழிகின்றது.

நமது ஊர் யோக்கியதை இதைவிட உயர்ந்ததா? அய்-அய்யைக் கொன்றவனைச் சிரிக்கின்ற நாம் தேவாங்கை என்ன செய்தோம்? அதன் கண் மருந்து என்றும், மைக்கு ஆகும் என்றும், வசியத்துக்கு ஆகும் என்றும் சொல்லிப் பிடித்துக் கொன்றோம். இரவில் பார்ப்பதற்காக ஏற்பட்ட பெரிய கண். அதுவே அதற்கு எமனாயிற்று. அது தின்பது பெரும்பாலும் பூச்சி. வயலோரத்தில் இருந்தால் குடியானவனுக்குக் கூலியில்லாத வேலைக்காரன். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கின்றது. கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் கடவூர்க் காட்டில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. மாந்திரீகனுடைய பையைச் சோதிக்கிறதற்குச் சட்டம் இருந்தால் போதாது. அவனிடம் காசு கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நமது தெருவில்தான் இருக்கின்றான்.

கடைசியாக, இவ்வளவும் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம். 2023-இல் டில்லி என்.சி.இ.ஆர்.டி. சபையார் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்ற பாடத்தில் பரிணாமத்தை வெட்டிவிட்டுப் பாரம்பரியத்தை மாத்திரம் வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் அதிகமாம். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். அதே 2023–24 கல்வியாண்டில்தான் நமது புதுவை அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாற்றப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கின்றதே என்று சமாதானம் சொல்லுகின்றார்கள். பன்னிரண்டாவதில் உயிரியல் எடுக்கிறவன் எத்தனை பேர்? பத்தோடு நின்று மில்லுக்கும் கடைக்கும் போகிறவன், கணக்குப் பிரிவுக்குப் போகிறவன், இவர்களுக்கெல்லாம் தாங்கள் எந்த வழியாக வந்தவர்கள் என்று சொல்லுகின்ற பாடம் கிடையாது. ஆனால் லெமூரியாப் பேச்சு மாத்திரம் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் தவறாமல் கிடைக்கும்.

பெற்றோர்கள் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகும்போது சத்துணவையும் சைக்கிளையும் கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும். புத்தகத்தில் இல்லாததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக்கூடாது என்று எந்த ஆசிரியருக்கும் உத்தரவு இல்லை. பழைய பதிப்பில் அந்தப் பாடம் அச்சடித்தபடியே இருக்கின்றது. வீட்டில் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.